அழிக்கும் முன்னே

8 ஜூலை 2025, செவ்வாய்

காலையில் கடை ஷட்டரைத் தூக்கியதுமே ஒரு தம்பி வந்து நின்றார். செம்பனைத் தோட்டத்தில் லோரி ஓட்டுகிறவர், டாப்-அப் போட அடிக்கடி வருவார். கையில் ஒரு போன். "அக்கா, இதுல உள்ளத சுத்தமா அழிச்சிருங்க. ஒண்ணும் மிஞ்சக் கூடாது" என்றார்.

போன் யாருடையது என்று கேட்டேன். தங்கச்சியுடையது. பாஸ்வர்ட்? தெரியாது. அப்படியானால் தங்கச்சியே வரட்டும் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவர், "படம் ஒண்ணு குரூப்புல ஓடுதுக்கா" என்றார், தரையைப் பார்த்தபடி.

போனைத் திறக்காமல் அவரிடமே திருப்பிக் கொடுத்தேன். யார் அனுப்பினான், எத்தனை மணிக்கு, எந்தக் குழுவில், அதற்கு முன் என்ன மிரட்டினான் என்ற அத்தனையும் அதற்குள்தான் இருக்கிறது. அதை அழித்தால் அவனுக்குத்தான் லாபம். இதை இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. நம் வீடுகளில் இப்படி ஒன்று நடந்தால் முதல் வேலையே பெண்ணின் போனைப் பிடுங்குவதுதான்.

சாயங்காலம் அவள் சின்னம்மாவோடு வந்தாள். ஷட்டரைப் பாதி இறக்கினேன். வயது 22, கிளினிக்கில் வேலை. பழகியவனோடு பேச்சை முறித்துக்கொண்டிருக்கிறாள். வீடியோ காலில் அவளுக்குத் தெரியாமல் எடுத்ததைக் காற்பந்துக் குழுவின் புலனத்தில் (வாட்ஸ்அப்) போட்டுவிட்டான். டெலிகிராமிலும் ஒரு சேனலில் வந்திருக்கிறது. "இன்னும் இருக்கு" என்று தனியாக ஒரு செய்தி வேறு.

அவள் போனை என் பக்கம் நீட்டினாள். எனக்குக் காட்டத் தேவையில்லை என்றேன். பில் புத்தகத்தில் ஒரு தாளைக் கிழித்து, படத்தின் மேல் வைத்துப் பிடித்துக்கொண்டாள். எண், தேதி, நேரம், குழுவின் பெயர் மட்டும் எனக்குத் தெரிந்தன. அப்புறம் தாளை எடுத்துவிட்டு, திரையை முழுதாக, எதையும் வெட்டாமல் அவளே ஸ்கிரீன்ஷாட் எடுத்தாள். டெலிகிராம் சேனலின் இணைப்பையும் காப்பி செய்து வைத்தோம், ஏனென்றால் சேனலின் பெயரை எப்போது வேண்டுமானாலும் மாற்றிவிடலாம். இதெல்லாம் முடிந்த பிறகுதான் குழுவின் அட்மினைக் கூப்பிட்டுப் பேசினேன். புலனத்தில் மற்றவர் போட்டதையும் எல்லோருக்குமாக அழிக்கும் வசதி அட்மினுக்கு உண்டு. அவர் உடனே அழித்துவிட்டார், நல்ல மனிதர். ஏற்கனவே தங்கள் போனில் இறக்கி வைத்தவர்களை அவராலும் ஒன்றும் செய்ய முடியாது.

(அவள் படித்து, சரி என்று சொன்ன பிறகுதான் இதைப் போடுகிறேன். அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்.)

9 ஜூலை, புதன்

போலீஸ் புகார். மலேசியாவில் எந்த நிலையத்திலும் கொடுக்கலாம், காசு கிடையாது. நம் டவுனில் வேண்டாம், கவுண்டரில் இருப்பவர் அப்பாவுக்குத் தெரிந்தவர் என்று பயந்தாள். அதனால் சின்னம்மாவின் காரில் கொஞ்சம் தள்ளிப் போனோம்.

கவுண்டரில் இருந்தவர் முதலில் கேட்டது, "நீ ஏன் காட்டினாய்?" எந்த நிலையம் என்று எழுதப் போவதில்லை. அவள் வாயடைத்துப் போனாள். பெண் அதிகாரியிடம் பேச வேண்டும் என்று சின்னம்மா மலாயில் கேட்டார். கொஞ்ச நேரம் காத்திருந்த பிறகு ஒருவர் வந்தார். சார்ஜன். அவர் வந்ததும் எல்லாமே மாறியது. தனி அறைக்கு அழைத்துப் போய், தண்ணீர் கொடுத்து, நடந்ததை வரிசையாகச் சொல்லச் சொன்னார். இந்த மாதிரி வழக்குகளுக்கென்றே டி11 என்ற பிரிவு இருக்கிறது. பாலியல் குற்றங்கள், பெண்கள், குழந்தைகள் விவகாரமெல்லாம் அவர்கள் பார்ப்பது. அங்கே அனுப்புவதாகச் சொன்னார்.

கையெழுத்துப் போடும் முன் புகாரைப் படிக்க வேண்டும் என்று நேற்றே சொல்லியிருந்தேன். படித்தாள். மிரட்டல் செய்தி விட்டுப்போயிருந்தது, சேர்க்கச் சொன்னாள். நகல் ஒன்றை வாங்கிக்கொண்டாள்.

திரும்பும் வழியில் சின்னம்மா ஆரம்பித்தார்: "முள்ளு மேல சேலை விழுந்தாலும், சேலை மேல முள்ளு விழுந்தாலும்..." முடிக்கவிடாமல் ரேடியோவைக் கூட்டினேன். சின்னம்மா தங்கமானவர்தான், அந்தப் பழமொழியைத்தான் எனக்குச் சகிக்கவில்லை.

10 ஜூலை, வியாழன்

இன்றைக்கு ஸ்டாப்-என்சிஐஐ. பிரிட்டனில் ஓர் உதவி அமைப்பு 2021 டிசம்பரில் பேஸ்புக்கின் மெட்டா நிறுவனத்தோடு சேர்ந்து, அந்தரங்கப் படங்கள் பரவாமல் தடுக்கத் தொடங்கிய தளம், இலவசம். 18 வயது ஆனவர்களுக்கு.

அவளுடைய முதல் கேள்வியே, "அந்தப் படத்த நான் அவங்களுக்கு அனுப்பணுமாக்கா?" என்பதுதான். அனுப்பத் தேவையில்லை. படம் அவள் போனைவிட்டு வெளியே போகாது. போனுக்குள்ளேயே படத்திலிருந்து விரல்ரேகை மாதிரி ஒரு குறியீடு உருவாகும், அது மட்டும்தான் போகும். பேஸ்புக், இன்ஸ்டாகிராம், டிக்டாக், ரெடிட் போன்ற நிறுவனங்கள் அந்தக் குறியீட்டைத் தங்களிடம் உள்ள படங்களோடும் புதிதாக ஏறும் படங்களோடும் ஒப்பிட்டு, பொருந்தினால் நீக்கும். குறியீட்டை வைத்துப் படத்தைத் திரும்ப உருவாக்க முடியாது. படம் கையில் இருந்தால்தான் இந்த வேலை நடக்கும். செவ்வாய்க்கிழமை அந்தத் தம்பி போனை அழித்திருந்தால் இதுவும் நடந்திருக்காது.

முடிவில் ஒரு கேஸ் எண்ணும் பின் எண்ணும் தருவார்கள். தொலைத்துவிட்டால் பின் எண்ணைத் திரும்ப வாங்க முடியாது. கிளினிக் பாஸின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டாள்.

இது எல்லா இடத்துக்கும் மருந்தில்லை. புலனத்தில் இருவருக்குள் போகும் செய்தியை இது எட்டாது. டெலிகிராம் சேனலை அந்த ஆப்பிலேயே தனியாக ரிப்போர்ட் செய்தோம். தொடர்பு பல்லூடக ஆணையமான எம்.சி.எம்.சி.யின் இணையப் புகார்த் தளத்திலும் போலீஸ் புகார் எண்ணோடு பதிந்தோம். எட்டு மில்லியன் பயனர்களுக்கு மேல் வைத்திருக்கும் சமூக ஊடகங்களும் செய்திச் சேவைகளும் இந்த ஆண்டு ஜனவரி 1 முதல் அவர்களிடம் உரிமம் எடுத்திருக்க வேண்டும். அதனால் அங்கே சொல்வதற்கு முன்னைவிடக் கொஞ்சம் கனம் உண்டு.

எல்லாவற்றையும் அவள் போனிலேயே செய்தோம். கடைக் கணினியில் எதையும் திறக்கவிடவில்லை. பத்துப் பேர் தொடும் கணினி அது.

12 ஜூலை, சனி

அண்ணன்காரர் கொதித்துப் போயிருக்கிறார். இரண்டு கூட்டாளிகளைச் சேர்த்துக்கொண்டு அந்தப் பையன் வீட்டுக்குப் போகத் திட்டம். "போங்க தம்பி, நாளைக்கு உங்க மேல அவன் புகார் கொடுப்பான், ரெண்டும் சேர்ந்து கோர்ட்டுக்குப் போகும்" என்றேன். முறைத்தார். அப்புறம் மீ கோரெங் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

அவள் இரவில் தூங்குவதில்லை என்று சின்னம்மா சொன்னார். தாலியான் காசே என்ற அரசாங்க உதவித் தொலைபேசியின் 15999 எண்ணைக் கொடுத்தேன், 24 மணி நேரமும் எடுப்பார்கள்.

18 ஜூலை, ஆடி முதல் வெள்ளி

தோட்டத்து மாரியம்மன் கோவிலில் கூழ். அவள் வரவில்லை, அவள் அம்மா மட்டும் வந்திருந்தார். வரிசையில் இரண்டு பேர் குசுகுசுவென்று பேசிக்கொண்டிருக்க, பூசாரியின் மனைவி அவர்களைத் தாண்டிப் போய் அந்த அம்மாவுக்கு முதல் சொம்பை ஊற்றிக் கொடுத்தார். ஒரு வார்த்தை பேசவில்லை.

கோவிலில் இன்னொரு தாய் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, 16 வயதுப் பிள்ளைக்கு இப்படி ஆனால் என்ன செய்வது என்று கேட்டார். அது வேறு சட்டம், 2017இல் வந்த சிறார் பாலியல் குற்றச் சட்டம், இன்னும் கடுமையானது. அந்தப் படத்தை வைத்திருப்பதே குற்றம். அதனால் ஆதாரம் என்று சொல்லி அதைச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பக் கூடாது, நேரே போலீஸுக்குப் போக வேண்டும். 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு டேக் இட் டவுன் என்று தனித் தளம் இருக்கிறது, அதுவும் குறியீட்டு முறைதான். யாருக்காகக் கேட்டார் என்று நான் கேட்கவில்லை.

24 ஜூலை, வியாழன்

டி11 அதிகாரி அவளைக் கூப்பிட்டு வாக்குமூலம் வாங்கியிருக்கிறார். பையனுடைய போனை எடுத்துவிட்டார்களாம். டெலிகிராம் சேனல் இப்போது திறக்கவில்லை. யார் மூடினார்கள் என்று தெரியவில்லை, மூடியவரைக்கும் சரி.

பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தின் கீழ் ஒரு தீர்ப்பாயம் இருப்பதைச் சொன்னேன். சட்டம் 2022இல் வந்தது, தீர்ப்பாயம் புகார் வாங்கத் தொடங்கியது 2024 மார்ச்சில். 250,000 ரிங்கிட் வரை இழப்பீடு தரச் சொல்லி உத்தரவிடலாம். "முதல்ல போலீஸ் கேஸ் ஒரு பக்கம் முடியட்டும்க்கா. திரும்பத் திரும்பச் சொல்ல என்னால முடியல" என்றாள். அவசரப்படுத்தவில்லை. திங்கள் முதல் வேலைக்குப் போகப் போகிறாள், முன் கவுண்டரில் இல்லாமல் மருந்து அறையில்.

2 ஆகஸ்ட், சனி

காற்பந்துக் குழுவில் ஆடும் பையன் ஒருவன் வந்தான். நல்ல குடும்பம், அம்மா என் கடையில்தான் பில் கட்டுவார். விசாரணைக்கு வரச் சொல்லி போலீஸ் கூப்பிட்டிருக்கிறார்களாம்.

"நான் எடுக்கலக்கா, போடவும் இல்ல. வந்தத ரெண்டு பேருக்குத் தள்ளிவிட்டேன், அவ்வளவுதான்."

தள்ளிவிடுவதும் பரப்புவதுதான் என்றேன். தொடர்பு பல்லூடகச் சட்டம் 233ஆவது பிரிவு. முன்பு 50,000 ரிங்கிட், ஓராண்டுச் சிறை என்று இருந்தது. இந்த பிப்ரவரியில் திருத்தி, 500,000 ரிங்கிட் வரை அபராதம், 2 ஆண்டு வரை சிறை என்று உயர்த்திவிட்டார்கள். கேட்டதும் அவனுக்கு முகம் வெளுத்தது.

"இப்ப அழிச்சிட்டா?"

"விசாரணைக்குக் கூப்பிட்ட பிறகா? ஆதாரத்த அழிச்சேன்னு அதுவும் உன் தலையில விழும். போன அப்படியே கொண்டுபோய்க் கொடு. யாருக்கு அனுப்பினன்னு கேட்டா உள்ளதச் சொல்லு. அப்பாவக் கூட்டிட்டுப் போ."

அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லையாம். ஐசியை (அடையாள அட்டை) நீட்டி, முன்னும் பின்னும் ஒரு நகல் கேட்டான். எடுத்துக் கொடுத்து, 40 சென் வாங்கிக்கொண்டேன்.