தோடம்பழம் வெட்டியவள்

பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு வலைப்பந்தாட்டம் பழக்கின ரீச்சரைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தாருங்கோ அக்கா, அஞ்சலி என்றபடியால் கொஞ்சம் கண்ணியமாக, என்று எங்கள் பழைய மாணவர் சங்கத்து மலர்க்குழுத் தங்கச்சி கேட்டாள். கண்ணியமாக எழுதப்போய் இரண்டு தாள் கிழித்தாயிற்று. நாற்பது வருடமாக எனக்கு அவர்மேல் ஒரு கோபம் இருந்தது. அதை விட்டுவிட்டு அவரைப் பற்றி எழுத எனக்கு வராது.

1982, வட்டார வலைப்பந்தாட்டப் போட்டி. நான் ஜி.கே., எதிரணி போடுகிற பந்தை வளையத்தடியில் மறிக்கிற கோல் கீப்பர். நெஞ்சில் அந்த எழுத்துப் போட்ட துணிதான் பிப். ஒரு வருடம் முழுக்க இருட்டோடு எழும்பி, பின் கேற்றால் வந்து, அந்த விசிலுக்கு ஓடியிருக்கிறேன். பந்தை மூன்று செக்கனுக்கு மேல் கையில் வைத்திருப்பது ஆட்டத்தில் பிழை, வைத்திருந்தால் ரீச்சரிடம் என்ன கிடைக்கும் என்பது அவரிடம் பழகின உங்களுக்கும் தெரியும். 1963இல் ஈஸ்ட்போர்னில் நடந்த முதலாவது உலகப் போட்டியிலேயே இலங்கை விளையாடியது என்று அவர் சொல்லும்போது, அடுத்த தடவை நான்தான் போவேன் என்று நினைத்துக்கொள்வேன்.

போட்டியன்று காலை, வேப்பமரத்தடியில், அத்தனை பேருக்கும் முன்னால், "பிப்பைக் கழட்டும் பிள்ளை" என்றார். கழற்றினேன். அதை வாங்கிப் பக்கத்தில் நின்ற நெட்டைக்காரியிடம் கொடுத்தார். வந்து மூன்று கிழமைதான். பந்தைப் பிடித்தால் எந்தக் காலை ஊன்றுவது என்றே அவளுக்குத் தெரியாது. என் கையில் ஒரு கத்தி வந்தது. "நீர் தோடம்பழம் வெட்டும்."

அன்று வென்றோம். அவள் துள்ளக்கூட இல்லை, கையைத் தூக்கிக்கொண்டு நின்றாள், அவ்வளவுதான். மாவட்டப் போட்டியில் தோற்றபோதும் நான் கரையில் சுளை வெட்டிக்கொண்டிருந்தேன். அப்புறம் நான் மைதானப் பக்கமே போகவில்லை.

1985இல் புறப்படுவதற்கு முதல்நாள், சந்தியில் ரீச்சர் சைக்கிளோடு நின்றார். கண்டும் காணாதவள்போல் கடந்து போனேன். வெளிநாடு போவதை அந்த நாளில் யாருக்கும் சொல்வதில்லை என்று பிறகு எனக்கே ஒரு சாட்டுச் சொல்லிக்கொண்டேன்.

2019இல் லிவர்பூலில் உலகக் கிண்ணம் நடந்தபோது ரிக்கெற் எடுத்துப் போனேன். யாழ்ப்பாணத்து ஈவினையில் பிறந்த, இலங்கை அணியின் தர்ஜினி சிவலிங்கம், 6 அடி 10 அங்குலம், பத்தடி உயர வளையத்துக்குள் பந்தைப் போட்டுக்கொண்டே இருந்தார். பக்கத்தில் இருந்தவர்கள் எழும்பிக் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். மனதில் நின்றது என்னவோ அந்த நெட்டைக்காரிதான்.

ரீச்சர் இறந்த செய்தியைத் தொலைபேசியில் சொன்னவளும் அவள்தான். குடும்பநல மாதுவாக இருந்து ஓய்வுபெற்றுவிட்டாளாம். கதையோடு கதையாகச் சொன்னாள். 82இல் தாய் இல்லை, கீழே நாலு பேர், தகப்பன் சுருட்டுக் கொட்டிலில். பள்ளிக்கூடத்தை நிற்பாட்டச் சொல்லியாயிற்று. ரீச்சர் சைக்கிளில் போய் முற்றத்தில் நின்றிருக்கிறார். படிப்பின் அருமை, பெருமை ஒன்றும் பேசவில்லை. "பள்ளிக்கூடத்துக்கு ஒரு உயரமான பிள்ளை வேணும் ஐயா. போட்டி முடியுமட்டும் தாருங்கோ." படிப்புக்கென்று கேட்டிருந்தால் அந்த மனிசன் மறுத்திருப்பார். பள்ளிக்கூடம் தன்னிடம் கைமாற்றுக் கேட்டதும் மறுக்க முடியவில்லை. ஆனால் குழுவில் பெயர் இருக்க வேண்டும், வகுப்புக்கு வராத நாளில் பந்தைத் தொடக்கூடாது, இரண்டும் ரீச்சர் சொன்ன சட்டம். வட்டாரம் முடிய மாவட்டம். மாவட்டம் முடிய இல்ல விளையாட்டுப் போட்டி. அதுவும் முடிய, ஓ லெவல் சோதனைக்குக் கொஞ்ச நாள்தான். "இவ்வளவு நாள் விட்டாச்சு, எழுதட்டும்" என்று தகப்பனே சொன்னாராம்.

என் அப்பா கந்தோர் உத்தியோகம். பிப் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நான் படித்திருப்பேன். ரீச்சருக்கு அந்தக் கணக்குத் தெரிந்திருக்கிறது. எங்கள் சங்கம் வருடாவருடம் இராப்போசனம் வைத்து ஊருக்கு வலைக்கம்பம் வாங்கக் காசு அனுப்புகிறது, நல்ல காரியம். முற்றம் முற்றமாகச் சைக்கிளில் போகிற ஆளுக்கு எந்தக் கணக்கில் காசு போடுவது என்றுதான் தெரியவில்லை.

"ரீச்சர் உனக்கு ஒருநாளும் சொல்லேல்லையே?" என்று கேட்டாள்.

"சொல்ல நான் அங்க நிக்கேல்லையே."

கொஞ்சநேரம் பேச்சில்லை. பிறகு சிரித்தாள். "அது கிடக்கட்டும். நீ வெட்டித் தந்த தோடம்பழம் சரியான புளியடி. மற்றவளவைக்கு எப்பிடியோ தெரியாது."

மற்றவர்களுக்கு இனிப்பாகத்தான் இருந்தது. நான் அதைச் சொல்லவில்லை.