காலிங் பெல் வைத்த டிராக்டர்

பெரியப்பாவின் மாசி (மாஸி ஃபெர்குசன்) டிராக்டரை ஸ்டார்ட் பண்ண வேண்டுமென்றால் காலிங் பெல் அடிக்க வேண்டும். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. சாவி போடும் ஓட்டையில் ஒரு பிளாஸ்டிக் மூடி, அதற்குப் பக்கத்தில் வீட்டு வாசலில் வைக்கிற வெள்ளை சுவிட்ச், மணிப் படம் போட்டது, ரெண்டு ஸ்க்ரூவில் உட்கார்ந்திருந்தது. பின்னால் எட்டிப் பார்த்தால் ஒரு ஹாரன் ரிலே. அமுக்கினால் செல்ஃப் எடுக்கும். கியர் எதில் கிடந்தாலும் எடுக்கும் என்பதுதான் இதில் பயங்கரம். நியூட்ரலில் இருந்தால் மட்டும் ஸ்டார்ட் ஆக வேண்டும் என்று கம்பெனிக்காரன் ஒரு சுவிட்ச் கொடுத்திருப்பான், அது கெட்டுப்போன அன்றைக்கு யாரோ ரெண்டு ஒயரையும் சேர்த்து முறுக்கிவிட்டார்கள். கீழே நின்றுகொண்டே பெல்லை அமுக்கினால், கியரில் இருக்கிற வண்டி ஆள் மேலேயே ஏறிவிடும். அப்படிச் செத்தவர்கள் ஊர் ஊருக்கு இருக்கிறார்கள்.

1989 மாடல், 1035, மூன்று சிலிண்டர் சிம்சன் எஞ்சின். மீஞ்சூர் தாண்டி உள்ளே எங்கள் ஊரில் சேடை ஓட்டியே, அதாவது நடவுக்கு வயலைச் சேறாக்கியே, வயசான வண்டி. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எங்கள் மணலி புதுநகர் முழுக்கத் தண்ணீர் நின்றபோது, டிரெய்லரை மாட்டிக்கொண்டு வந்து எங்களையும் பக்கத்து வீட்டுக்காரர்களையும் ஏற்றிப் போனது இதே வண்டிதான். அதற்கப்புறம் ஊருக்குப் போய் ஒரு மூலையில் நின்றது, நின்றதுதான். "வேணும்னா எடுத்துனு போ, இல்லன்னா எடைக்குப் போட்டுடப் போறேன்" என்றார் பெரியப்பா. டிபிபி ரோட்டில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே கட்டி இழுத்துக்கொண்டு வந்தோம். அந்த ரோட்டில் அதுவே ஒரு தனிக் கதை, விடுங்கள்.

எனக்கு பைக் கழற்றி மாட்டத் தெரியும், அவ்வளவுதான். டிராக்டருக்கு ஆள் வேண்டும். வடசென்னையில் அதற்குப் பஞ்சமில்லை. இந்த வண்டியைச் செய்த டாஃபே கம்பெனியின் ஆலை செம்பியத்தில்தான் இருக்கிறது, பெரம்பூர் பக்கம் எந்தத் தெருவில் கேட்டாலும் அங்கே வேலை பார்த்து ரிட்டயர் ஆன ஒருவரைக் காட்டிவிடுவார்கள். நைனாவுக்குத் தெரிந்த ஒரு பெரியவர் வந்தார். வண்டியை ஒரு சுற்று சுற்றினார், எதையும் தொடவில்லை, டீயைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, நீ எதையும் ரிப்பேர் பண்ணாத. முதல்ல இதுல பண்ணி வெச்சிருக்கிற ரிப்பேரை எல்லாம் கயட்டு. அப்புறம் பார்ப்போம், வண்டிக்கு இன்னா நோயின்னு."

நான்கு மாதம் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் செய்தது அதுதான்.

டீசல் டேங்கில் ஆரம்பித்தேன். டேங்க் ஒழுகியிருக்கிறது, ஒழுகிய இடத்தில் குளியல் சோப்பைத் தேய்த்து அடைத்திருக்கிறார்கள், அதுவும் கரைந்து போனதும் டேங்கையே கைவிட்டுவிட்டு, பானட் மேல் ஒரு ஐந்து லிட்டர் கேனைக் கட்டித் தொங்கவிட்டு, ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றுகிற ட்யூப் வழியாக ஃபில்டருக்கு டீசல் விட்டிருக்கிறார்கள். சொட்டைக் கூட்டிக் குறைக்க ட்யூபில் இருக்கிற அந்தச் சின்ன உருளையைக்கூட எடுக்கவில்லை! தள்ளிவைத்தால் சொட்டு குறையும், எஞ்சின் மூச்சு வாங்கும். டேங்கை இறக்கி, சோப்புத் தண்ணீர் ஊற்றி மூன்று தடவை கழுவி, கழுத்து வரைக்கும் தண்ணீர் நிரப்பி, அந்தப் பழைய விரிசல் மட்டும் தண்ணீருக்கு மேலே நிற்கிற மாதிரி சாய்த்து வைத்துத்தான் பற்றவைத்தோம். காலி டேங்க் என்று நம்பி நெருப்பைக் காட்டினால் உள்ளே நிற்கிற ஆவி வெடிக்கும்.

அடுத்தது ஆவின் கவர். கியர் ராடின் அடியில் ஒரு ரப்பர் பூட் இருக்க வேண்டும். அது கிழிந்துபோன இடத்தில் பால் கவரைச் சுற்றி நூல் கட்டியிருந்தார்கள். நீலக் கவர். அதற்கு உள்ளே இன்னொரு கவர், அதற்கும் உள்ளே மக்கிப்போன சைக்கிள் ட்யூப். வருஷா வருஷம் மழைத் தண்ணீர் ராடு வழியாக வழிந்து கியர் பெட்டிக்குள் இறங்கியிருக்கிறது. வெள்ளத்தில் ஓட்டியதும் சேர்ந்துகொண்டது. அடியில் எண்ணெய் வடிக்கிற ட்ரெயின் போல்ட்டைத் திறந்தால் முதலில் வெறும் தண்ணீர், அப்புறம் ஸ்ட்ராங் டீ கலரில் ஆயில். கிட்டத்தட்ட 30 லிட்டர் பிடிக்கும் பெட்டி அது. இந்த வண்டியில் கியருக்கும் ஹைட்ராலிக்குக்கும் ஒரே ஆயில், கலப்பையைத் தூக்கி இறக்குகிற லிஃப்ட்டின் பம்ப்பே அந்த எண்ணெய்க்குள்தான் முங்கிக் கிடக்கிறது. ஆக, ஒரு பூட்டில் விழுந்த கிழிசல் லிஃப்ட்டில் போய் முடிந்திருக்கிறது. லிஃப்ட் நிற்காமல் தலையாட்டியிருக்கிறது, தூக்கிய கலப்பை மெல்ல இறங்கியிருக்கிறது. அதற்கு என்ன வைத்தியம் பண்ணினார்கள்? கலப்பையைத் தூக்கி ஒரு சங்கிலியில் கொக்கி போட்டு மாட்டிவிட்டார்கள். கலப்பையின் மேல்பக்கத்தை வண்டியோடு இணைக்கிற டாப் லிங்க்கின் பின் தொலைந்ததற்குக் கடப்பாரையில் ஒரு துண்டு அறுத்துச் சொருகியிருக்கிறார்கள். கலப்பை மண்ணில் எவ்வளவு சிரமப்படுகிறது என்பதை டாப் லிங்க் வழியாகத் தெரிந்துகொண்டு, தானே கொஞ்சம் தூக்கிக் கொடுக்கிற ஏற்பாட்டை ஹாரி ஃபெர்குசன் என்று ஒருவர் உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடித்தார். நம் ஆட்கள் அதைச் சங்கிலியால் கட்டிப்போட்டுவிட்டார்கள்.

லிஃப்ட்டின் டாப் கவரைத் தூக்கி உள்ளே பார்த்தால் லிஃப்ட் பிஸ்டனின் ரிங் நைந்திருந்தது, வால்வில் சேறு. பெரிய செலவே இல்லை. பெட்டிக்குள் டீசல் ஊற்றி, சும்மா சுற்றவிட்டு அலசினோம், புது ரிங், புது ஆயில், புது பூட். கவரை வேப்ப மரக் கிளையில் செயின் பிளாக் மாட்டித் தூக்கலாம் என்று நான் சொன்னதற்குப் பெரியவர் பார்த்த பார்வை இருக்கிறதே.

போல்ட்டுகளைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. இந்த வண்டி இங்கிலாந்து வழியில் வந்தது, பெரும்பாலும் அங்குல மரைதான். 3/8 போல்ட்டின் தலைக்கு 9/16 ஸ்பேனர், அதாவது 14.3 மி.மீ. 14 நுழையாது, 15 வழுக்கும். வழுக்கி வழுக்கிப் பாதி தலைகள் உருண்டையாகியிருந்தன, உருண்டையானதை உளியால் அடித்துத் திருகியிருக்கிறார்கள். வாட்டர் பம்ப் பக்கம் ஒரு போல்ட் கையாலேயே கழன்று வந்தது. வெளியே எடுத்தால் 8 எம்.எம். போல்ட், அதன் மேல் செம்புக் கம்பியை ஒரு ஒரு மரையிலும் நூல் கண்டு மாதிரி நெருக்கிச் சுற்றியிருந்தார்கள். 3/8 ஓட்டையில் 8 போட்டால் பிடிக்காதல்லவா, அதற்கு. யாரோ டார்ச் வெளிச்சத்தில் உட்கார்ந்து பொறுமையாகச் சுற்றியிருக்கிறார். அவ்வளவு பொறுமை இருந்தவருக்குச் சரியான போல்ட் வாங்க நேரமில்லை. கம்பியை உருவி, ஓட்டைக்குள் மரை வெட்டுகிற 3/8 டேப் விட்டுப் பார்த்தேன், தடையே இல்லாமல் போனது. மரைக்கு ஒன்றுமே ஆகவில்லை. பாரிமுனையில் செம்புதாஸ் தெருவுக்குப் போய் ஒரு பை நிறைய அங்குல போல்ட் வாங்கி வந்தேன்.

எஞ்சின் சூடாகிறது என்பதுதான் ஊரில் இந்த வண்டிக்கு இருந்த கெட்ட பெயர். அதற்காகத் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்திருந்தார்கள். நம் ஊர் மெக்கானிக்குகள் பலருக்கும் இது ஒரு மதம் மாதிரி, "நம்ம வெயிலுக்கு இது தேவையில்ல சார்" என்பார்கள். எஞ்சின் 80 டிகிரி வாக்கில் நின்றால்தான் டீசல் ஒழுங்காக எரியும், அதற்குத்தான் அது. கழற்றியும் சூடு அடங்கவில்லை. அடுத்து ரேடியேட்டர் மூடி போயிருக்கிறது, துணி சுற்றிக் கட்டுக்கம்பி போட்டிருக்கிறார்கள், பிரஷர் நிற்காமல் இன்னும் சீக்கிரம் கொதித்திருக்கிறது. கடைசியாக டெம்பரேச்சர் மீட்டரின் கனெக்‌ஷனையே கழற்றிவிட்டார்கள். முள் எப்போதும் குளிர்ச்சியிலேயே நிற்கும், மனசுக்கு நிம்மதி.

உண்மையான நோய் ரேடியேட்டரில்தான் இருந்தது. வெளியே வைக்கோல் தூசும் சேறும் சேர்ந்து காய்ந்து சுவர் மாதிரி நின்றது. உள்ளே ட்யூப்களில் வெள்ளையாக உப்பு. மீஞ்சூர் பக்கம் பட்டணத்துக்கும் ஆலைகளுக்கும் பல வருஷம் நிலத்தடித் தண்ணீரை உறிஞ்சி, கடல் உள்ளே ஏறி, போர் தண்ணீர் கரித்துப் போன கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். எங்கள் கிணற்றிலும் அந்தத் தண்ணீர்தான். அதையே முப்பது வருஷமாக இதில் ஊற்றியிருக்கிறார்கள்.

இதையெல்லாம் செய்தவர்களைத் திட்டிக்கொண்டேதான் கழற்றினேன், ஆனால் அவர்கள் நிலைமையும் தெரியும். நாற்று வயசு தாண்டுகிறது, மடையில் தண்ணீர் வந்துவிட்டது, ராத்திரியோடு சேடை முடிந்தாக வேண்டும், கடை பொன்னேரியில், அதுவும் சாத்தியிருக்கும். அன்றைக்கு ராத்திரிக்குப் பால் கவர் போதும். மறுநாள் காலையில் அதைக் கழற்றியிருக்க வேண்டும், வண்டி ஓடுகிறதே என்று விட்டார்கள்.

ஒன்றை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை. ஸ்டியரிங் ஆர்ம் தேய்ந்து ஆடியதற்கு, ஷாஃப்டோடு சேர்த்து வெல்டிங் வைத்திருந்தார்கள். அதில் மயிரிழை மாதிரி ஒரு விரிசல். அந்த விரிசலோடுதான் அன்றைக்கு வெள்ளத்தில் டிரெய்லர் நிறைய ஆட்களை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறோம். கிரைண்டர் வைத்து அறுத்து, ஷாஃப்ட், ஆர்ம் ரெண்டையும் புதுசாகப் போட்டேன்.

எல்லாவற்றையும் கழற்றவில்லை. முன் சக்கரம் திரும்புகிற அச்சான கிங்பின்னின் புஷ் கம்பெனியுடையது இல்லை, ஏதோ ஒரு லேத் பட்டறையில் கன்மெட்டலில் கடைந்தது, கிரீஸ் போக உள்ளே சுருளாக வாய்க்கால் வெட்டியிருந்தது. பெரியவர் விரலை விட்டுத் தடவிப் பார்த்தார். "இது ரிப்பேர் இல்ல, இது வேலை. கை வெக்காத" என்றார். அப்படியே இருக்கிறது.

ரிவர்ஸ் கியர் சில நேரம் வெளியே குதிக்கிறது, அதைப் பொங்கலுக்கு அப்புறம்தான் பார்க்க வேண்டும். மற்றபடி சாவி போட்டால் எடுக்கிறது, கியரில் கிடந்தால் எடுக்காது. போன வாரம் பெரியப்பா வந்தார். ஏறி உட்கார்ந்ததும் கட்டைவிரல் நேராகப் பழைய பெல் இருந்த இடத்துக்குப் போனது. சிரித்துக்கொண்டே சாவியைக் காட்டினேன். தெருக்கோடி வரை ஓட்டிக்கொண்டு போய்த் திரும்பி வந்து நிறுத்தினார், ஆனால் எஞ்சினை அணைக்காமல் சீட்டை விட்டு எழுந்து குனிந்து, பானட் ஓரமாக எதையோ தேடினார். அணைப்பதற்கு அங்கே ஒரு நைலான் கயிறு தொங்கும், அதைத்தான். நான் போய் டேஷ்போர்டில் இருந்த குமிழை இழுத்தேன். எஞ்சின் அடங்கியது.

"இது எப்படா வெச்ச?"

"நான் வைக்கல பெரியப்பா. வண்டி வாங்கும்போதே இருந்தது."