தரையில் கிடந்து எழுந்திருத்தல்: பன்னிரண்டாவது வாரம்

இரவு ஷிப்ட் முடிந்து செம்பனைத் தோட்டத்துச் சாலையில் தனியாக மோட்டாரில் வருகிறவள் நான். விளக்கு இல்லாத சாலை. யாராவது தள்ளிவிட்டால் தரையில் கிடந்து என்ன செய்வேன் என்ற பயம்தான் என்னை மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் தாமான் (குடியிருப்பு) மண்டபத்தில் நடக்கும் தற்காப்பு வகுப்புக்குக் கொண்டுபோனது. முதல் ஆறு வாரம் நின்றபடியே கை விடுவிக்கும் பயிற்சி. ஏழாவது வாரம் மாஸ்டர் ரப்பர் பாயை விரித்தார்.

என்னோடு ஜோடி சேர்ந்த அக்கா எண்பது கிலோவுக்குக் குறையமாட்டார். அவர் என் வயிற்றின்மேல் ஏறி உட்கார்ந்ததும் இரண்டு கையையும் நீட்டி நெஞ்சில் தள்ளினேன். அரை நிமிடத்தில் கை ஓய்ந்துவிட்டது. "நீட்டின கை, நீ கொடுத்த கை" என்றார் மாஸ்டர். நீட்டிய கையின் முழங்கையை மேலே இருப்பவர் பூட்டிவிடலாம் என்று அப்போதுதான் புரிந்தது.

வேலை செய்ய வேண்டியது இடுப்பு. அக்காவின் வலது கையை என் நெஞ்சோடு இறுக அணைத்து, அவருடைய வலது பாதத்தை என் இடது காலால் வெளியிலிருந்து பூட்ட வேண்டும். குதிகாலைப் பிட்டத்துக்கு அருகில் ஊன்றி இடுப்பை முதலில் மேலே எழுப்பி, அப்புறம் இடது தோளுக்கு மேலாகப் புரட்ட வேண்டும். மேலே தூக்காமல் பக்கவாட்டில் மட்டும் திருப்பினால் ஆள் அசையவே மாட்டார். மூன்று வாரம் அதைத்தான் தப்பாகச் செய்துகொண்டிருந்தேன்.

1993இல் அமெரிக்காவின் டென்வரில் எடைப் பிரிவே இல்லாமல் நடந்த முதல் யுஎஃப்சி கலப்புத் தற்காப்புக் கலைப் போட்டியில் ஒரே இரவில் மூவரை வென்ற ராய்ஸ் கிரேசியைப் பற்றி மாஸ்டர் சொன்னார். தரையில் கிடந்து பிடித்துப் பூட்டும் பிரேசில் ஜியு-ஜிட்சு வழி வந்தவர். மெலிந்த ஆள் என்று கேட்டபோது எனக்குத் தெம்பு வந்தது.

இன்னொன்று இறால் நகர்வு. ஒருக்களித்து, பாதத்தை ஊன்றி, இடுப்பைப் பின்னுக்குத் தள்ளி விலகுவது. மண்டபத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை போய்வர வேண்டும். முழங்கைத் தோல் உரிந்தது. தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்கிறேன்.

கீழே கிடந்தே ஆளைப் பூட்டி ஜெயிக்கிற வித்தை எனக்கு வேண்டாம். தார்ச்சாலை பாய் இல்லை. இரண்டாவது ஆளும் வரலாம். ஆகவே எழுந்து ஓடுவதைத்தான் அதிகம் பழகுகிறேன்: இடது கையைப் பின்னால் ஊன்றி, வலது பாதத்தைத் தரையில் பதித்து, இடது காலால் உதைத்து விலக்கி, அதே காலை இடுப்புக்கு அடியில் பின்னுக்கு இழுத்து எழுந்திருத்தல். கண் எதிராளியை விட்டு அகலக் கூடாது.

பத்தாவது வாரம் கழுத்துப் பிடியில், 'போதும், விடு' என்று கையால் தட்டத் தாமதித்தேன். மூன்று நாள் கழுத்து திரும்பவில்லை. இப்போது மூச்சு முட்டும் முன்பே தட்டிவிடுகிறேன்.

இந்த வெள்ளிக்கிழமை ஐந்து முறையில் இரண்டு முறை அக்காவைப் புரட்டினேன். "தங்கச்சி, இப்பதான் இடுப்பு பேசுது" என்றார் மூச்சு வாங்கியபடி. அவர் நெஞ்சைத் தாழ்த்தி என் தலையை அணைத்துப் படுத்துவிட்டால் மட்டும் இன்னும் வழி தெரியவில்லை. செவ்வாய்க்கிழமை அதைத்தான் மாஸ்டரிடம் கேட்கப் போகிறேன்.