பாட்டிலிலிருந்து ஈ வந்த வாரம்

சிவகங்கைப் பக்கம் ஒரு ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. ஐந்து வகுப்புக்கும் சேர்த்து 31 பிள்ளைகள், இரண்டு டீச்சர்கள். வியாழக்கிழமைதோறும் மதியச் சாப்பாடு முடிந்ததும் இரண்டு மணி நேரம் எனக்கு. 6 பூதக்கண்ணாடி, கழுவிக் காயவைத்த ஊறுகாய் பாட்டில்கள், வாயில் கட்டக் கொசுவலைத் துணி, ரப்பர் பேண்டு. என் இயற்கைப் பட்டறைக்குச் சாமான் இவ்வளவுதான்.

முதல் சில வாரங்கள் படங்களோடு போனேன். புலி, யானை, சோலைக்காடு. பிள்ளைகள் சத்தமில்லாமல் பார்த்தார்கள், கேட்டால் பதில் சொன்னார்கள், அதோடு சரி. வகுப்புச் சுவரில் தமிழ் மறவன் படம் ஒட்டியிருந்தது. 2019-ல் மாநிலப் பட்டாம்பூச்சியாக அறிவித்தார்களே, அதுதான். அழகான பூச்சி. ஆனால் அது மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் பறப்பது. கருவேலமும் காய்ந்த கண்மாயுமாக இருக்கிற இந்த ஊர்ப் பிள்ளைகள் அதை எங்கே போய்ப் பார்ப்பார்கள்? ஒரு வாரம் நான் பையைக் கட்டிக்கொண்டு கிளம்பும்போது மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி பின்னாலேயே வந்தாள். "யக்கா, காம்பவுண்டுக்கு அங்கிட்டு எருக்கஞ்செடியில வரிவரியாப் புழு கெடக்கு. வந்து பாக்குறீங்களா?"

போய்ப் பார்த்தேன். அடுத்த வாரத்திலிருந்து படங்களை வீட்டிலேயே வைத்துவிட்டேன்.

அது வெந்தய வரியன் பட்டாம்பூச்சியின் புழு. கறுப்பும் வெள்ளையுமாகக் கோடுகள், இடையிடையே மஞ்சள் புள்ளி, முதுகில் மூன்று ஜோடிக் கொம்பு மாதிரி நீட்டல்கள். பெயரை நான் உடனே சொல்லவில்லை. பெயர் தெரிந்த நிமிடமே பிள்ளைகள் நோட்டில் எழுதிக்கொண்டு நிமிர்ந்துவிடுகிறார்கள், புழுவைப் பார்ப்பது அங்கேயே நின்றுபோகிறது. அதனால் இரண்டு வாரம் அது 'வரிப்புழு'தான். அந்தப் பெயரை வைத்தது அவர்கள்.

எருக்கில் ஒரு பயம் உண்டு. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வையையே கெடுத்துவிடும். இலை பறிப்பது நான் மட்டும்தான், அதுவும் கையுறை போட்டுக்கொண்டு. பாட்டிலைத் தொட்ட பிள்ளை சோப்புப் போட்டுக் கை கழுவாமல் முகத்தில் கை வைக்கக் கூடாது. இந்த ஒன்றில் மட்டும் நான் கடுமையான ஆள்.

நான்கு பாட்டில், நான்கு புழு, நான்கு குழு. பார்க்கப் பழகிய பிள்ளைகள் என்னென்னவோ கண்டுபிடித்தார்கள். தலையை மேலிருந்து கீழாகக் கொண்டுவந்து, வில் வளைவாக இலையை அரித்துக்கொண்டே போகிறது. முதல் நாள் கடுகை விடச் சின்னதாக இருந்த புழுக்கை, ஒரு வாரத்தில் மிளகு அளவுக்கு வந்துவிட்டது. ஒரு பையன் தினமும் அதை எண்ணிச் சுவரில் சாக்பீஸால் கோடு போட்டான். வாய்ப்பாடு சொல்லத் திணறுகிறவன் என்று டீச்சர் சொன்ன பையன் அவன். இன்னொருத்தன், "எங்க வீட்டுக் கோழி எல்லாப் புழுவையும் கொத்தும், இதக் கண்டா ஒதுங்கிப் போயிரும்" என்றான். எருக்கம்பாலின் நஞ்சு புழுவின் உடம்பில் சேர்வதையும், அதனாலேயே பெரும்பாலான பறவைகள் அதை விட்டுவிடுவதையும் பேச அதைவிட நல்ல இடம் எது? கோழியை வைத்தே அன்றைய பாடம் முடிந்தது.

பிறகு கூட்டுப்புழு. இலையில் தொங்கியவை பச்சை. குச்சியில் தொங்கிய ஒன்று மட்டும் வெளிர் ரோஸ் நிறம். பொன் புள்ளிகளைப் பூதக்கண்ணாடியில் பார்த்துவிட்டு, "நெசத் தங்கமாக்கா?" என்று கேட்டார்கள். அடுத்த வாரத்துக்குள் மூன்று பட்டாம்பூச்சிகள் வெளிவந்து, பிள்ளைகளே துணியை அவிழ்த்துப் பறக்கவிட்டார்கள்.

நான்காவது பாட்டிலில் கூட்டுப்புழு பழுப்பாகிச் சுருங்கியிருந்தது. அதிலிருந்து சளி போன்ற ஒரு மெல்லிய இழை தொங்கியது. பாட்டில் அடியில் நெல்மணி அளவில் செம்பழுப்பாக இரண்டு கிடந்தன. பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. புழுவின் மேலோ, அது தின்னும் இலையிலோ முட்டையிடும் ஈக்கள் உண்டு. ஈயின் குஞ்சுப்புழு உள்ளேயே இருந்து தின்று வளர்ந்து, கடைசியில் இழை வழியாக இறங்கும். அதன் தோலே இறுகிக் கூடாகிவிடும்.

தலைமை ஆசிரியை பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "பிள்ளைங்க வர்றதுக்குள்ள எடுத்துருங்கம்மா. அழுதுருவாங்க. செடியில இருந்து வேற ஒண்ணு கொண்டாந்து வச்சுரலாம்." அவர் அன்பில் குறையில்லை. முந்தின வருடம் வேறொரு பள்ளியில் நானே அப்படித்தான் செய்திருந்தேன். வேறு கூட்டுப்புழுவை வைத்தேன், பட்டாம்பூச்சி வந்தது, பிள்ளைகள் கைதட்டினார்கள். மாதக்கணக்கில் உற்றுப் பார்க்கச் சொல்லிக் கொடுத்துவிட்டு, பார்க்க வேண்டிய நேரத்தில் கண்ணை மறைத்தேன் என்பது இன்றும் உறுத்துகிறது. இந்தத் தடவை முடியாது என்றேன். அவரும் சரியென்றார்.

இரண்டு பேர் அழத்தான் செய்தார்கள். புழுக்கை எண்ணிய பையன் பேசவேயில்லை, அது அவன் குழுப் பாட்டில். "நாம பாட்டில்ல போட்டதாலயாக்கா?" என்று ஒருத்தி கேட்டாள். இல்லை, எடுத்து வரும்போதே உள்ளே இருந்திருக்கலாம் என்றேன். "அப்ப செடியில இருந்தாலும் செத்துருக்குமா?" ஆமாம். அந்தக் கூடுகளைத் தூக்கி எறியலாமா என்று ஓட்டுப் போட்டார்கள். வைத்துப் பார்ப்பது என்ற பக்கம்தான் ஜெயித்தது.

பத்து நாளில் இரண்டு ஈ வந்தது. வீட்டு ஈயை விடக் கொஞ்சம் பெரிசு, முதுகெல்லாம் முள்முள்ளாக மயிர். அருவருப்பாகப் பார்த்தவர்கள்கூட பூதக்கண்ணாடிக்கு முண்டியடித்தார்கள். அப்போதுதான் இரண்டாம் வகுப்புக் குழந்தை ஒன்று என் சேலையைப் பிடித்து இழுத்து, "யக்கா, அந்தப் புழுதான் இந்த ஈக்கு அம்மாவா?" என்று கேட்டது. முட்டையிட்ட ஈதான் அம்மா என்று சொல்லலாம், சொன்னேன். ஆனால் குழந்தை கேட்டது அதுவல்ல என்று எனக்கே தோன்றியது. சாப்பாடு போட்டது யார் என்று கேட்டது அது.

சுவரில் முட்டை, புழு, கூட்டுப்புழு, பட்டாம்பூச்சி என்று வட்டமாக அம்புக்குறி போட்ட சார்ட் தொங்குகிறது. அடுத்த வியாழக்கிழமை நான் போனபோது, அதில் புழுவிலிருந்து வெளியே போகிற மாதிரி பென்சிலால் ஒரு அம்பு. அதன் நுனியில் ஆறு கால் போட்ட ஈ. புழுக்கை எண்ணிய பையன் போட்டது. அந்த ஈயிலிருந்து இன்னொரு அம்பு கிளம்பிச் சார்ட்டின் ஓரத்தில் நின்றிருந்தது. "இதுக்கு மேல எடம் பத்தலக்கா, இன்னொரு சார்ட் குடுங்க" என்றான்.