விஎம்எச்பிஏ2 எண்டா எந்த ஸ்டோரேஜ் காட்?

கச்சான் காத்து அடிக்கிற ஒரு பின்னேரம், கல்லடியில வீட்டு வளவுக்குள்ள நிக்கக்குள்ள கொழும்பில ஸ்டோரேஜ் பாக்கிற அண்ணன் கோல் எடுத்தார். "தம்பி, புது சேர்வருக்கு நீங்க அனுப்பின ரெண்டு போர்ட் நம்பரும் ஒண்டுதானே, நான் எதுக்கு சோன் போடுறது?" சோன் எண்டா எந்த போர்ட் எந்த ஸ்டோரேஜோட பேசலாம் எண்டு ஸ்விட்ச்ல குடுக்கிற அனுமதி. விசென்டர்ல (விஎம்வேர் சேர்வர் எல்லாத்தையும் ஒரே இடத்தில பாக்கிற மென்பொருள்) இருந்து ஸ்கிரிப்டால இழுத்து எக்செல்ல போட்டு அனுப்பின லிஸ்ட் அது, கையால ஒண்டும் தட்டல்ல, எப்பிடிப் பிழைச்சிச்சு எண்டு எனக்கு விளங்கவே இல்ல.

மறுகா இருந்து பாத்தாத்தான் தெரிஞ்சிச்சு. சேர்வர ஸ்டோரேஜோட இணைக்கிற ஃபைபர் சனல் காட்டுட ஒவ்வொரு போர்ட்டுக்கும் டபிள்யூடபிள்யூஎன் எண்டு ஒரு தனி அடையாள எண் இரிக்கு. அத விசென்டர் ஏபிஐ (ஸ்கிரிப்ட் தகவல் இழுக்கிற வழி) நாம ஸ்விட்ச்ல பாக்கிற மாதிரி 16 ஹெக்ஸ் எழுத்தா (0-9, ஏ-எஃப்) தராது, 64 பிட் முழு எண்ணா தரும். 21:00 எண்டு தொடங்குற கியூலாஜிக் கொம்பனி காட்டுட போர்ட் எண்டா அது 2377900 எண்டு தொடங்குற 19 இலக்கம், எக்செல் 15 இலக்கத்துக்கு மேல வச்சிருக்காது, மிச்சம் நாலையும் பூச்சியமாக்கிரும், எங்கட காட்டுல ரெண்டு போர்ட்டுக்கும் வித்தியாசமே அந்தக் கடைசி இலக்கத்திலதான். ஜாவாஸ்கிரிப்ட்ல நம்பரா வாசிச்சாலும் இதே பிரச்சினைதான், அது 53 பிட் வரைக்கும்தான் சரியாப் பிடிக்கும். இழுத்த உடனேயே ஹெக்ஸா மாத்தி எழுத்தா சேவ் பண்ணுங்க. அண்டைக்கு ராவே நான் திருப்பி அனுப்பி, அவர் சோன் போட்டு, ஸ்டோரேஜுக்குப் போற பாத் எல்லாம் வந்திட்டு.

ஆனா அந்த லிஸ்ட்ட பாக்கப் பாக்க இன்னொரு விசயம் மனசை அரிச்சிச்சு. விஎம்எச்பிஏ எண்டா விஎம்வேர் ஒவ்வொரு ஸ்டோரேஜ் காட்டுக்கும் நம்பரோட வைக்கிற பேர். நாங்க எல்லாத்தையும் விஎம்எச்பிஏ2 எண்ட பேர வச்சுத்தான் எழுதிக்கொண்டு வந்தம். மூணு சேர்வர்லயும் விஎம்எச்பிஏ2 இரிக்கு! ஏபிஐல கீ எண்டு ஒரு ஃபீல்ட் இரிக்கு, பாக்க தனி அடையாளம் மாதிரித் தெரியும், அதுட வாலுக்குள்ளயும் அதே விஎம்எச்பிஏ2தான் கிடக்கு, அந்த ஹோஸ்டுக்குள்ள (சேர்வருக்குள்ள) மட்டும்தான் அது செல்லும். காட்டக் கழட்டி வேற ஸ்லொட்ல போட்டா பேரே மாறிரும்.

எங்கட மட்டக்களப்புப் பக்கம் குடி எண்டா, அதாவது வம்சம், எல்லாருக்கும் விளங்கும். ஆம்பிளை கலியாணம் கட்டி மனிசிட வீட்டுக்குப் போவான், விலாசம் மாறும், குடி மாறாது, அது தாய்வழி. விஎம்எச்பிஏ விலாசம் மாதிரி. டபிள்யூடபிள்யூஎன் நடுவில வாற 00:24:எஃப்எஃப் குடி மாதிரி, கியூலாஜிக்குக்கு ஐஈஈஈ எண்ட தர அமைப்பு குடுத்த கோட் அது, எமுலெக்ஸ் கொம்பனி காட் எண்டா 00:90:எஃப்ஏ பாப்பீங்க, அதுக்குப் பின்னால வாற ஆறு எழுத்துத்தான் போர்ட்ட பிரிச்சுக் காட்டுறது. காட் எந்த சேர்வருக்குப் போனாலும் அது கூடவே போகும். பிளேட் சேர்வர்ல (ஒரே பெட்டிக்குள்ள செருகுற சேர்வர்) ப்ரொஃபைலால, அதாவது மென்பொருள் அமைப்பால, டபிள்யூடபிள்யூஎன் குடுத்திருந்தா மட்டும் அது காட்டோட போகாது, ப்ரொஃபைலோட போகும், அதைக் கவனிக்கோணும்.

நெட்வேர்க் வழியா ஸ்டோரேஜ் பாக்கிற ஐஸ்கசிக்கு அடையாளம் ஐகியூஎன் எண்ட பேர். நல்லதுதான், ஆனா அது மாத்தக்கூடிய எழுத்து, ஹோஸ்ட குளோன் பண்ணினா ரெண்டு பேர் ஒரே ஐகியூஎன்னோட நிப்பாங்க, அதனால ஒருக்கா டூப்ளிகேட் செக் பண்ணிப்போட்டுத்தான் நம்போணும்.

கஷ்டம் சேர்வருக்குள்ளயே இரிக்கிற டிஸ்க்குட லோக்கல் சாட்டா அடப்டருக்குத்தான். ஹோஸ்ட்ல அடப்டர் லிஸ்ட் எடுத்தா யூஐடி எண்ட இடத்தில "சாட்டா.விஎம்எச்பிஏ0" எண்டு நிக்கும், அதையா யூனிக் எண்டு சொல்றது? இதுக்கு நான் ஹோஸ்ட்டுட சிஸ்டம் யூயூஐடியையும் (அந்த மெஷினுக்கே உரிய அடையாளம்) பிசிஐ அட்ரஸையும் (அடப்டர் மெஷினுக்குள்ள இரிக்கிற இடம்) சேத்து ஒரு கீ செஞ்சன். விசென்டர் குடுக்கிற ஹோஸ்ட் ஐடிய எடுக்காதீங்க, ஹோஸ்ட வெளியால எடுத்துத் திருப்பிச் சேத்தா அது புதுசாயிரும்.

போன கிழமை ஒரு சேர்வர்ல ஃபைபர் காட்ட வேற ஸ்லொட்டுக்கு மாத்தினம், விஎம்எச்பிஏ4 எண்டு எழும்பிச்சு. இப்ப டபிள்யூடபிள்யூஎன்ன வச்சு எழுதுற ஷீட்ல அதே வரி அப்பிடியே நிண்டிச்சு, பேர்க் கொலம் மட்டும்தான் மாறியிருந்திச்சு.