சேலம் இன்டர்வியூவில் ஒரு சார்ட் (sort, வரிசைப்படுத்தல்) கேள்வியில் நான் கோட்டை விட்ட இடம்

ஏற்காட்டிலிருந்து விடியற்காலை பஸ்ஸில் சேலத்துக்கு இறங்கினேன். 20 கொண்டை ஊசி வளைவிலும் கையில் ஜாவாஸ்கிரிப்ட் என்ற புரோகிராமிங் மொழியின் குறிப்புதான். இன்டர்வியூவில் கேட்டது இவ்வளவுதான்: மாம்பழக் கடைப் பட்டியல் ஒன்று, ஒவ்வொரு ஆப்ஜெக்ட்டிலும் (ஒரு பழத்தின் விவரக் கட்டு) பெயரும் விலையும் இருக்கிறது, விலை குறைந்ததிலிருந்து அடுக்க வேண்டும்.

வெறும் சார்ட் போட்டேன். எரரும் வரவில்லை, வரிசையும் மாறவில்லை. ஒப்பிடும் ஃபங்ஷன் கொடுக்காவிட்டால் சார்ட் எல்லாவற்றையும் ஸ்ட்ரிங் (எழுத்துத் தொடர்) ஆக்கித்தான் பார்க்கும், சாதாரண ஆப்ஜெக்ட்டை ஸ்ட்ரிங் ஆக்கினால் எல்லாமே ‘ஆப்ஜெக்ட் ஆப்ஜெக்ட்’ என்று ஒரே மாதிரி ஆகிவிடும், அப்புறம் மல்கோவா மாம்பழமும் குண்டு மாம்பழமும் அதற்கு ஒன்றுதான். பதற்றத்தில், ஒப்பிட வரும் இரண்டு ஆப்ஜெக்ட்டுக்கு அ, ஆ என்று பெயர் வைத்து அ.விலை > ஆ.விலை என்று எழுதினேன். அப்போதும் பட்டியல் அசையவில்லை. வேலை போச்சு.

படிக்கிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். சார்ட் எதிர்பார்ப்பது ஓர் எண். அ முன்னால் வர வேண்டுமென்றால் மைனஸ், பின்னால் போக வேண்டுமென்றால் பிளஸ், இரண்டும் சமம் என்றால் 0. பெரியதா இல்லையா என்று மட்டும் சொன்னால் அது 1, 0 என்றுதான் போய்ச் சேரும், மைனஸ் வரவே வராது. 2018இல் குரோம் பிரவுசரின் 70ஆம் பதிப்பு வருவதற்கு முன்னால் அந்தப் பிரவுசரில் 10 உருப்படி வரையுள்ள பட்டியலில் அப்படி எழுதினாலும் சரியாக ஓடும், அதனால்தான் பழைய விடைகளில் அந்த வரி இன்னும் கிடக்கிறது, அதைத்தான் நானும் மனப்பாடம் செய்திருந்தேன்.

வீட்டுக்கு வந்து நோட்டில் மூன்றே பழங்களை எழுதினேன்: மல்கோவா 120, செந்தூரா 80, குண்டு 80. (அ, ஆ) => அ.விலை - ஆ.விலை. மாறிக்குத் தமிழில் பெயர் வைக்கலாம், ஜாவாஸ்கிரிப்ட் ஏற்றுக்கொள்ளும். அ மல்கோவா, ஆ செந்தூரா என்றால் 120 - 80, அதாவது பிளஸ் 40, மல்கோவா பின்னால் போகிறது. செந்தூராவுக்கும் குண்டுக்கும் 0 வருகிறது, அப்போது முதலில் இருந்த வரிசையிலேயே நிற்க வேண்டும் என்பது ஜாவாஸ்கிரிப்டின் 2019 விதி. விலை சமமானால் பெயர்படி வேண்டுமா, கழித்தலுக்குப் பின்னால் || (முன்னது 0 என்றால் பின்னதை எடு) போட்டு அ.பெயர்.லோக்கேல்கம்பேர்(ஆ.பெயர், 'டிஏ') சேருங்கள், லோக்கேல்கம்பேரையும் டிஏவையும் ஆங்கிலத்தில் localeCompare, ta என்று தட்ட வேண்டும். அந்த ‘டிஏ’ தமிழ் அகரவரிசைக்கு. பெயர்களை வெறும் > போட்டு ஒப்பிட்டால் யூனிகோடு (கணினியில் எழுத்துகளுக்குக் கொடுத்த எண்) வரிசைதான், அதில் ற, ல-வுக்கு முன்னாலேயே வந்துவிடும்.

அடுத்த இன்டர்வியூவில் இதைச் சரியாகவே எழுதினேன். உடனே கேட்டார்கள், "பழைய பட்டியல் என்ன ஆச்சு?" சார்ட் அதையேதான் மாற்றிவிடும். பழையது அப்படியே வேண்டுமென்றால் 2023இல் வந்த டூசார்ட்டெட் (toSorted), பழைய பிரவுசர் என்றால் [...பட்டியல்] என்று நகல் எடுத்து அதில் சார்ட்.