தூணிலும் இருந்தான்

சீனாவின் ஷியாமென் நகரில் ஆங்கிலம் கற்பிக்க வந்து ஏழு மாதம் ஆகியும் சுவாமி கும்பிட ஓர் இடம் வாய்க்கவில்லையே என்ற ஏக்கம் எனக்கு. போன சனிக்கிழமை விடிந்ததும் ரயிலேறிவிட்டேன். முக்கால் மணி நேரத்துக்குள் குவான்சோ. நம் வணிகர்கள் கடல் கடந்து வந்து தங்கிய பழைய துறைமுகம்.

மேற்குத் தெருவில் இருக்கிறது கையுவான் பௌத்தக் கோயில். 686-இல் எழுந்தது. நிலம் கேட்ட துறவியிடம், "என் மல்பெரி மரத்தில் வெள்ளைத் தாமரை பூக்கட்டும், தருகிறேன்" என்றாராம் தோட்டக்காரர். பூத்ததாம். நம் ஊர்த் தலபுராணம் கேட்பது போலவே இருந்தது. ஊதுபத்தியை நெற்றிக்கு நேரே உயர்த்தி நானும் வணங்கினேன்.

மனசு மட்டும் பின்பக்கத்திலேயே கிடந்தது. பெரிய மண்டபத்தைச் சுற்றிக்கொண்டு போனால், பின் தாழ்வாரத்தில் பதினாறு பட்டைக் கல்தூண்கள் இரண்டு. இடிந்துபோன ஓர் இந்துக் கோயிலுடையவை; மிங் அரச வம்சத்தின் காலத்தில் இங்கே கொண்டுவந்து நட்டிருக்கிறார்கள். கிட்டே போய்ப் பார்த்தேன். உரலை இழுத்துக்கொண்டு மருத மரங்களுக்கு நடுவே போகும் கண்ணன். யானையைக் காக்க வந்த பெருமாள். இன்னொரு பக்கம், இரணியனை மடியில் கிடத்திய நரசிம்மர்! தூணிலும் இருப்பான், துரும்பிலும் இருப்பான் என்று பாட்டி சொல்லி வளர்ந்தவள் நான். அவனைத் தூணிலேயே கண்டதும் கண் நிறைந்துவிட்டது. விளக்கில்லை, துளசியில்லை. புத்தருடைய கூரையைத் தாங்கிக்கொண்டு நிற்கிறார் பெருமாள். எட்டெழுத்தைச் சொல்லிக்கொண்டு அங்கேயே வெகுநேரம் நின்றேன்.

1281-இல் சம்பந்தப் பெருமாள் என்ற அடியார், மங்கோலியக் கானின் நலனுக்காக இந்த ஊரில் சிவனைப் பிரதிஷ்டை செய்ததாகத் தமிழ்க் கல்வெட்டே கிடைத்திருக்கிறது. அந்தக் கோயில் இன்று இல்லை. கடல்சார் அருங்காட்சியகத்தில், மரத்தடி லிங்கத்துக்கு யானை பூச்சாத்தும் சிற்பம் ஒன்று இருக்கிறது. திருவானைக்காவேதான்.

மறுநாள் ஞாயிறு. ஜின்ஜியாங் பக்கம் ஒரு சிற்றூருக்குப் போனேன். தெருவோரச் சிறு கோயிலில் நான்கு கைகளோடு ஒரு தேவி. காலடியில் அசுரன், இருபுறமும் தோழியர். ஊர்க்காரர்களுக்கு அவள் குவான்யின், பௌத்தர்களின் கருணைத் தெய்வம். எனக்கு அம்மன். அருங்காட்சியகத்தில் இருப்பவற்றுக்கு இல்லாத பாக்கியம் இவளுக்கு. இன்றும் இவள் முன்னால் ஊதுபத்தி புகைகிறது, பிள்ளைகளுக்கு நல்ல படிப்பு வேண்டுமென்று யாரோ வேண்டிக்கொள்கிறார்கள்.

நான் விழுந்து கும்பிட்டு எழுந்ததைப் பார்த்துக்கொண்டிருந்த மூதாட்டி, படைத்திருந்த ஆரஞ்சுகளில் ஒன்றை எடுத்து இரு கைகளாலும் நீட்டினார். நானும் இரு கையேந்தி வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். ரயிலில் உரித்தபோது, பக்கத்துச் சீட்டுக் குழந்தைக்கும் இரண்டு சுளை கொடுத்தேன்.